தாயின் பெயர் யாது?

"உங்கள் தாயின் கன்னிப் பெயர் என்ன?"

கணினித் திரையில் ஆங்கிலத்தில் நின்ற கேள்வி இது. வெளியே அட்டன் நகரத்து ஆனி மாத மழை தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. பேரனின் கணினிக்கு முன்னால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன் நான். அன்று என்னைக் கேள்வி கேட்டது ஓர் இயந்திரம். எனக்கு விடை தெரியவில்லை.

தன்னைப் பெற்றவளின் பெயர் தெரியாத மகனும் உலகில் உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லத்தான் இக்கட்டுரை.

2005ஆம் ஆண்டில் என் அக்காவின் பொருட்டு ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்தேன். அக்கா 1973இல் கணவனோடும் கைக்குழந்தையோடும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து கிள்ளியவள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவள் பேத்தி தட்டச்சுச் செய்து அனுப்புவாள். முப்பத்திரண்டு ஆண்டுகளாக, எவரேனும் வந்து போனால் மட்டுமே கிட்டிய அக்காவின் குரல், மாதம் ஒரு முறை எனக்குக் கிடைக்கத் தொடங்கியது. அந்தக் கணக்கை எனக்குத் திறந்து தந்தவன் அட்டன் கடைவீதியில் தொலைபேசிக் கடை வைத்திருந்த ஓர் இளைஞன். படிவத்தை நிரப்பியவனும் அவனே. நான் பெயரைச் சொன்னேன், கட்டணத்தைக் கொடுத்தேன், அவன் எழுதித் தந்த துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

பின்னர் கைத்தொலைபேசி வந்தது. கடவுச்சொல்லை ஒரு முறை கேட்டு வாங்கிக்கொண்ட அந்தக் கருவி, பிறகு என்னைக் கேட்கவே இல்லை. அது நினைவில் வைத்திருந்ததால் நான் மறந்தேன். நினைவு வைக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தவன் கதி என்னவோ, அதுவே எனக்கும் நேர்ந்தது. சென்ற ஆண்டு அக்கா கண்ணை மூடினாள். அவளுடைய கடிதங்களை மறுபடி படிக்கவேண்டும் என்று நெஞ்சு தவித்த நாட்களில்தான் கைத்தொலைபேசி மழைநீரில் ஊறிச் செத்தது. பழைய சிம் அட்டையோ எப்போதோ காலாவதியாகிவிட்டது. புதிய கருவியில் கணக்கைத் திறக்கப் போனால் கடவுச்சொல்லைக் கேட்டது. தெரியாது என்றேன். அப்படியானால் நீ யார் என்பதை நிரூபி என்பதுபோல அந்தக் கேள்வியை முன்னே நீட்டியது.

என் தாயின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது இப்போது ஒரு பூட்டின் சாவியாகிவிட்டது. ஆனால் அவளுக்கு எத்தனை பெயர்கள் இருந்தன என்பதைச் சொல்லலாம். வீட்டில் அவளுடைய தாய் கூப்பிட்ட பெயர் ஒன்று. தோட்டத்துச் செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் இன்னொன்று. ஒரே தோட்டத்தில் ஐந்தாறு லெட்சுமிகள் இருந்தால் மூத்த லெட்சுமி, சின்ன லெட்சுமி, மேட்டு லயத்து லெட்சுமி என்று பிரிப்பார்கள். அவ்விதம் ஒட்டப்பட்ட அடைமொழியே சிலருக்குச் சாகும்வரை பெயராய் நின்றுவிடும். பிரசாப் பத்திரத்தில் இருந்தது மூன்றாவது பெயர். தமிழறியாத எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது. அதைத் திரும்பத் தமிழில் படித்தால் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயராகத் தொனிக்கும். மரணப் பத்திரத்தில் நான்காவது பெயர். நான்கும் உண்மை. நான்கில் ஒன்றுகூடக் "கன்னிப் பெயர்" அன்று.

ஏனெனில் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழுச் சமூகத்தின் வழக்கம் நிற்கிறது. அங்கே குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. பெண் மணமானதும் பிறந்த குடும்பத்தின் பெயரைத் துறந்து புகுந்த குடும்பத்தின் பெயரை ஏற்பாள். துறந்த பெயர் மெல்ல மறைந்து வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாகும். அந்த இரகசியத்தை வங்கிக்காரர்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். 1906ஆம் ஆண்டிலேயே பால்ட்டிமோர் நகர வங்கியாளர் வில்லியம் ஹேடன் என்பவர், வாடிக்கையாளரின் கையொப்பத்தோடு இவ்வகைக் கேள்விகளின் விடைகளையும் பதிந்துவைக்கும் தமது வழக்கத்தை அமெரிக்க வங்கியாளர் சங்கக் கூட்டமொன்றில் விவரித்தார். அந்த நகரத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரில் முதலெழுத்து ஒன்று. மணமானபின் கணவன் பெயரில் முதலெழுத்து ஒன்று. என் தாய் துறந்தது ஓர் எழுத்தைத்தான். அந்த எழுத்தையா நான் விடையாகத் தருவது?

பெயர் என்ற சொல்லுக்கே எங்கள் மலைகளில் வேறொரு பொருள் உண்டு. ஒரு நாள் முழுவதும் வேலை செய்ததாகக் கணக்கில் பதிவதைப் "பேர்" போடுதல் என்பார்கள். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் "அரைப் பேர்". மாலையில் தராசடியிலிருந்து திரும்பும் தாயிடம், "இன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரே பாதியாக வெட்டப்படக் கூடிய ஒரு வாழ்க்கையில், ஆண்டுக்கணக்கில் மாறாத பெயரொன்றைச் சாட்சிக்கு அழைக்கிறது இயந்திரம்.

மற்றக் கேள்விகளையும் பேரன் காட்டினான். நீ முதன்முதல் வாழ்ந்த தெருவின் பெயர் என்ன? லயத்துக்குத் தெரு ஏது? தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம், அவ்வளவே. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது லயத்துக்கு வரும் என்பது அங்குள்ளவர்களின் மனத்தைப் பொறுத்தது. நீ பிறந்த ஊர் எது? வெள்ளைக்காரத் துரை தன் நாட்டு மலையையோ ஊரையோ நினைந்து வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. எங்கள் மூதாதையர் கங்காணியையோ மரத்தையோ ஆற்றையோ குறித்து வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. சிங்கள மக்கள் வழங்கும் பெயர் ஒன்று. ஓர் ஊருக்கு மூன்று விடைகள்.

உன் முதல் ஆசிரியரின் பெயர் என்ன? இதைக் கண்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஓராசிரியர் பாடசாலையில் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் விடை ஒன்றே. எங்கள் பிரிவில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு அந்த விடை நான்தான்! என் பெயரைக் காவல் வைத்து எத்தனை கதவுகள் பூட்டப்பட்டிருக்கின்றனவோ, யாரறிவார்? தோட்டத்துத் தேநீர்க் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடக் கூடிய பெயர் அது.

இந்த வகைப் பூட்டின் வலுவின்மை எங்களை மட்டும் தொட்டதன்று. 2008இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சேரா பேலின் அம்மையாரின் மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவன் திறந்துவிட்டான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய விடைகள் அவனுக்குப் போதுமாயிருந்தன. அவையனைத்தையும் பொதுவெளியில் தேடியே அவன் கண்டுபிடித்தான். 2015இல் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் தங்களுடைய கோடிக்கணக்கான கணக்குகளின் விடைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் "உனக்குப் பிடித்த உணவு எது?" என்று கேட்டால், ஒரே ஊகத்தில் 19.7 விழுக்காடு விடைகளைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்றது அது. அரபு மொழி பேசுவோரின் முதல் ஆசிரியர் பெயரைப் பத்து ஊகங்களுக்குள் 24 விழுக்காடு கண்டுபிடிக்கலாமாம். மறுபுறம், அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பயனரில் 40 விழுக்காட்டினர் தாம் தந்த விடையைத் தாமே நினைவுகூர இயலாதிருந்தார்கள். திருடனுக்குத் திறக்கும், வீட்டுக்காரனுக்குத் திறக்காது, அப்படியொரு பூட்டு! 2017இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமும், கடவுச்சொல் அமைக்கும்போது இவ்வகைக் கேள்விகளைக் கேட்கலாகாது என்று தன் நெறிமுறைகளில் எழுதிவிட்டது. ஆயினும் பழைய கணக்குகளின் வாசலில் பழைய காவலாளி இன்னும் நிற்கிறான்.

இதுவரை சொன்னதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று கூறி மேலே போய்விடலாம். அவ்வாறு போக என் மனம் இடம் தரவில்லை. திரையின் முன் அமர்ந்திருந்த எனக்கு, இந்தக் கேள்வியை எங்கேயோ முன்பே கேட்டிருக்கிறோமே என்ற எண்ணம் எழுந்தது. ஆம், கேட்டிருக்கிறோம். என் தந்தையைக் கேட்டார்கள்.

சுதந்திரம் வந்த அதே 1948ஆம் ஆண்டில், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. உன் தந்தை இங்கே பிறந்தாரா? இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? என்று அது கேட்டது. காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட கைகளில் பிறப்புச் சான்றுப் பத்திரம் ஏது? அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ச்சியாக இத்தனை ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபி என்றது அது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்ததோ ஏறக்குறைய 134,000 பேருக்குத்தான். எஞ்சியவர்கள் "விடை தவறு" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

என் தந்தையின் விண்ணப்பமும் அப்படித் திரும்பியது. பெயரில் ஓரெழுத்து ஒரு பத்திரத்துக்கும் மற்றொரு பத்திரத்துக்கும் ஒவ்வவில்லை என்பது காரணம். பத்திரத்தை எழுதியவர் அவரல்லர். எழுதியவரின் பிழைக்கு எழுதத் தெரியாதவர் தண்டனை பெற்றார்.

அதற்கும் முன்பு, தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், மாவட்டத்தையும் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தகரமே அன்று வழிக் கடவுச்சொல். பிறகு ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக, கடன் தொகை குறித்த "துண்டு" வேண்டியிருந்தது. 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. உழைக்க வருகையில் அடையாளம் கழுத்தில் தொங்கியது. உரிமை கேட்கையில் அடையாளம் இல்லை என்றார்கள். இந்த விந்தையை எங்கள் மலைநாடன்றி வேறெங்கு காண்பது?

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 மனிதர்கள் கணக்கெடுக்கப்பட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் என் அக்கா ஒரு பக்கம் விழுந்தாள். நான் மறுபக்கம் விழுந்தேன். அட்டன் புகையிரத நிலையத்தில் கோச்சி புறப்படும் வேளையில் எழுந்த அழுகையை நான் இன்றுவரை மறக்கவில்லை. தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினாள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு முழுமையாகப் பிரசாவுரிமை வழங்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு கேள்விக்கு விடை ஏற்கப்பட 55 ஆண்டுகள்!

கதைக்குத் திரும்புவோம். முதல் நாள் மூன்று பெயர்களைத் தட்டச்சுச் செய்தேன். மூன்றும் தவறு என்றது திரை. ஒரு நாள் பொறு என்று கதவடைத்தது. மறுநாளும் அதே கதி. என் தாயின் பெயரை நான் சொல்ல, அது அவள் பெயரன்று என்று ஓர் இயந்திரம் மறுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிய காரியமன்று. எழுபது வயதைத் தாண்டியவனின் கண்ணில் நீர் வந்தது. பேரன் மெல்ல, "தாத்தா, படிவத்தை நிரப்பினது நீங்கள் இல்லையே?" என்றான்.

அப்போதுதான் கடைக்கார இளைஞனின் நினைவு வந்தது. விசாரித்ததில், வெளிநாட்டில் பல ஆண்டு உழைத்துத் திரும்பி, டிக்கோயாப் பாதையில் சில்லறைக் கடை வைத்திருக்கிறான் என்று அறிந்தேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"சேர், மன்னிக்கணும்," என்றான், நான் சொல்லி முடித்ததும். "அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து பேர் வருவாங்க. ஒவ்வொருத்தரையும் அந்தக் கேள்வியைக் கேட்டா யாருக்கும் விளங்காது. அம்மா பேரில் எதைச் சொல்றதுன்னு அவங்களுக்கே குழப்பம். அதனால எல்லாருக்கும் ஒரே பதில்தான் போட்டேன்."

"என்ன பதில்?"

அவன் சற்று வெட்கத்தோடு சொன்னான்: "தேயிலை, சேர். இங்கிலீசுல மூணு எழுத்து."

அன்றிரவு கணக்கு திறந்தது.

என் தாயின் பெயருக்குத் திறக்காத கதவு தேயிலைக்குத் திறந்தது. மகிழ்ச்சியடையத்தான் வேண்டும், அடைந்தேன். ஆனால் மகிழ்ச்சியினூடே ஒரு கசப்பு ஏறியது. அந்தக் கடையில் கணக்குத் திறந்த அத்தனை பேருடைய தாய்மாருக்கும் ஒரே பெயர்: தேயிலை. அவன்மீது எனக்குக் கோபமில்லை. பொருந்தாத கேள்விக்கு அவன் பொருந்தாத விடையொன்றைக் கண்டான்; ஏழைகளின் வேலையை விரைந்து முடித்துக் கொடுத்தான். ஆனால் எங்களை ஆண்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே விடையைத்தானே எங்களுக்காக எழுதினார்கள்? நீங்கள் யார், உங்கள் தாய் யார், எந்த ஊர் என்ற கேள்விகளுக்கெல்லாம் எங்களைக் கேளாமலே அவர்கள் எழுதிய விடை, தேயிலை!

அக்காவின் முதற் கடிதத்தைப் படித்தேன். இராமேசுவரத்தில் இறங்கியதும் அதிகாரி "சொந்த ஊர் எது?" என்று கேட்டதையும், தான் "அட்டன்" என்று சொன்னதையும், அவர் சிரித்ததையும் எழுதச் சொல்லியிருந்தாள். "அது இலங்கை அம்மா, உன் சொந்த ஊரைச் சொல்" என்றாராம். "எனக்கு வேற ஊர் தெரியாது தம்பி, அதையே திரும்பச் சொன்னேன்" என்று முடித்திருந்தாள். அங்கே போனபின் அவளைச் சாகும்வரை "சிலோன்காரி" என்றே அழைத்தார்கள். அவள் விடை உண்மையானது. கேட்டவரின் படிவத்தில் அதற்கு இடமில்லை.

இன்று இந்தக் கேள்விகள் மறைந்துவருகின்றன. கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் லயத்தில் பல வீடுகளில் தொலைபேசி ஒன்றுதான். அது கணவனின் அல்லது மகனின் சட்டைப் பையில் கொழும்புக்குப் போய்விடும். சிம் அட்டை வேறொருவர் பெயரில் இருக்கும். மலைமடிப்பில் அலை கிடைக்காது. கொழுந்து கிள்ளும் பெண்ணின் கணக்கு, அவள் கையில் இல்லாத ஒரு கருவிக்குக் கட்டுப்பட்டிருக்கும். பழைய கேள்வி குடும்பப் பெயர் உள்ளவனை மனிதன் என்று எண்ணியது. புதிய கேள்வி தனித் தொலைபேசி உள்ளவனை மனிதன் என்று எண்ணுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாம் இப்போது இந்தக் கதவுகளுக்குள்தான் இருக்கின்றன. பிள்ளைக்குக் கணக்குத் திறக்கும்போது கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து பிள்ளையையே நிரப்பச் செய்யுங்கள். தாயின் பெயரைக் கேட்டால் உண்மையைத்தான் எழுதவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஊரறியாத, எவரும் ஊகிக்க முடியாத ஒரு சொற்றொடரை எழுதி, அதைத் தாளிலும் எழுதி, பிறப்புச் சான்றுப் பத்திரம் இருக்கும் அதே தகரப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மீட்பு எண்களைத் தரும் நிறுவனமானால் அவற்றையும் அங்கே வையுங்கள். எங்கள் தாய்மார் காகிதங்களைக் காப்பதில் சளைத்தவர்களல்லர். காகிதமின்றிப் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இதோடு நின்றுவிடலாகாது. பூட்டுக்கு ஏற்ப மனிதன் தன் பெயரை மாற்றிக்கொள்வது தற்காப்பேயன்றி நியாயமாகாது. படிவத்தை அமைப்போர், அது அரசாங்கமாயினும் நிறுவனமாயினும், யாருடைய வாழ்க்கையை மனத்தில் கொண்டு கேள்வியை எழுதுகிறார்கள் என்று நாம் கேட்கவேண்டும். தமிழில் கேட்கவேண்டும், கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேள்விகளுக்கு விடை சொல்லியே களைத்த மக்கள் நாம். கேள்வி கேட்கும் முறை இனி நம்முடையது.

அக்காவின் கடிதங்களை அச்செடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மேலுறையில் என் தாயின் நான்கு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

கணக்கின் பாதுகாப்பு விடையை மாற்றும்போது பேரன் கேட்டான், "என்ன போடலாம், தாத்தா?"

"எதை வேண்டுமானாலும் போடு," என்றேன். "தேயிலை மட்டும் வேண்டாம்."